ஐந்தாம் ஆண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்

மார்ச் கடைசி வாரம் தொடங்கி ஏப்ரல் முடியும்வரை, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் மாலைத் தேநீரோடு வேறு பேச்சு இல்லை. எந்தக் கல்லூரி, என்ன செலவு, அவர்கள் எவ்வளவு தருகிறார்கள்? பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1-ஆம் தேதிக்குள் ஒப்புதல் சொல்லி முன்பணம் கட்டியாக வேண்டும். பிள்ளை கணினி அறிவியல் படிக்கப் போகிறது என்றால் விசாரிக்கத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருப்பார்கள். கட்டடக்கலை என்றால் கேட்க ஆள் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட வீடுகளுக்காகவே இந்தப் பத்தி. தேநீரோடு ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரமில்லாமல் பார்ப்போம்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரிகளை ஒப்பிடும்போது, முதல் ஆண்டுக்கு எவ்வளவு உதவித்தொகை என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். கட்டடக்கலைஞராக உரிமம் வாங்கத் தகுதி தரும் பட்டம் கைக்கு வரும்வரை உங்கள் வீட்டிலிருந்து மொத்தம் எவ்வளவு போகும் என்று பாருங்கள். நகைக்கடையில் பலகையில் எழுதியிருக்கும் பவுன் விலையை மட்டும் பார்த்து யாரும் நகை எடுப்பதில்லை. செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் சேர்த்து ‘மொத்தம் எவ்வளவு’ என்றுதான் கேட்கிறோம். அந்தக் கேள்வியைக் கல்லூரியிடமும் கேட்க வேண்டும்.

எல்லாப் படிப்புக்கும் பொருந்துவதுதானே இது என்று தோன்றலாம். மற்ற படிப்புகளில் பெரும்பாலும் எங்கே சேர்ந்தாலும் நான்கு ஆண்டுதான். கட்டடக்கலையில் கல்லூரிக்குக் கல்லூரி ஆண்டுகளின் எண்ணிக்கையே மாறுகிறது. அதனால் ஓர் ஆண்டுச் செலவை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

எந்தப் பட்டம், எத்தனை ஆண்டு?

அமெரிக்காவில் கட்டடக்கலைப் பட்டங்களுக்கு அங்கீகாரம் தருவது ‘நாப்’ எனப்படும் தேசியக் கட்டடக்கலை அங்கீகார வாரியம். உரிமம் வாங்கப் பெரும்பாலான மாநிலங்கள் நாப் அங்கீகாரம் பெற்ற பட்டத்தைக் கேட்கின்றன. நியூயார்க், கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களில் வேலை அனுபவத்தைக் காட்டி உரிமம் பெறும் வழியும் உண்டு. ஆனால் அது நீண்ட வழி. பட்டம் மட்டும் போதாது, 3,740 மணி நேரப் பயிற்சியும் ஆறு பகுதிகள் கொண்ட தேர்வும் இருக்கின்றன.

நாப் அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குப் பொதுவாக இரண்டு பாதைகள். முதல் பாதை, பள்ளி முடித்ததும் நேரே சேரும் ஐந்தாண்டு பி.ஆர்க். கார்னெல், கார்னகி மெலன், சிராக்யூஸ், பிராட், நோட்ர டேம் போன்ற தனியார் கல்லூரிகளிலும், வர்ஜீனியா டெக், ஆஸ்டினில் இருக்கும் டெக்சஸ் பல்கலைக்கழகம், பென் ஸ்டேட், சான் லூயி ஒபிஸ்போ கால் பாலி, நியூஜெர்சி தொழில்நுட்பக் கழகம், நியூயார்க் சிட்டி காலேஜ் போன்ற அரசுக் கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு இருக்கிறது.

இரண்டாவது, ‘நாலு பிளஸ் ரெண்டு’ என்று மாணவர்கள் சொல்லும் பாதை. நான்கு ஆண்டு இளநிலை, அதன்மேல் பொதுவாக இரண்டாண்டு எம்.ஆர்க். மிச்சிகன், வர்ஜீனியா, இல்லினாய் அர்பானா-ஷாம்பெய்ன், பெர்க்லி, டெக்சஸ் ஏ அண்ட் எம் போன்றவற்றில் இளநிலை இப்படித்தான் அமைந்திருக்கிறது. அந்த நான்காண்டுப் பட்டத்துக்கு நாப் அங்கீகாரம் கிடையாது. தொழிலுக்கான பட்டம் எம்.ஆர்க்தான். பட்டத்தின் பெயரில் ‘ஆர்க்கிடெக்சர்’ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு, நான்காம் ஆண்டோடு படிப்பு முடிந்தது என்று நினைக்கும் பெற்றோர் பலர். ஒரு கல்லூரியின் கடிதத்தைப் பிரித்தவுடன் அதன் மேலேயே எழுதிவையுங்கள்: ஐந்தா, ஆறா?

ஏ.பி. தேர்வுகள் நிறைய எழுதியிருக்கிறான், ஓர் ஆண்டு குறைந்துவிடும் என்று கணக்குப் போடும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. ஏ.பி. மதிப்பெண்ணால் ஆங்கிலம், கணிதம், வரலாறு போன்ற பொதுப்பாடங்கள் கழியும். ஆனால் கட்டடக்கலையின் முதுகெலும்பு ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பு. ஒவ்வொரு பருவத்திலும் ஒரு ஸ்டுடியோ, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. பத்துப் பருவ ஸ்டுடியோவை ஏ.பி. குறைக்காது. சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு படித்துவிட்டு மாறுவோருக்கும் இதே நிலைதான். பொதுப்பாடங்களின் செலவு மிச்சமாகும். புதிய கல்லூரி எந்த ஸ்டுடியோவில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைப் பொறுத்தே ஆண்டு மிச்சமாவதும் ஆகாததும்.

கடிதத்தில் எது உதவி, எது கடன்?

கல்லூரி அனுப்பும் நிதியுதவிக் கடிதத்தைப் புரிந்துகொள்ள முடியாமல் திணறினால் குறை உங்களிடம் இல்லை. அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அமைப்பு 2022-இல் வெளியிட்ட அறிக்கை, ஏறத்தாழ 91 விழுக்காடு கல்லூரிகள் மாணவர் உண்மையில் கொடுக்க வேண்டிய நிகரத் தொகையைச் சொல்லாமலோ குறைத்துக் காட்டியோ கடிதம் அனுப்புவதாகக் கண்டது. அதற்கு முன் 2018-இல் நியூ அமெரிக்கா, யூஆஸ்பயர் என்ற இரு அமைப்புகள் நூற்றுக்கணக்கான கல்லூரிகளின் கடிதங்களை எடுத்து ஆராய்ந்தன. ஒரே வகை மத்திய அரசுக் கடனுக்கு 136 வெவ்வேறு பெயர்கள் இருந்தன. அவற்றில் 24 பெயர்களில் ‘கடன்’ என்ற சொல்லே இல்லை. இது சிறிய விஷயமில்லை. பதினேழு வயதுப் பிள்ளை கையெழுத்துப் போடும் கடனைக் கடன் என்றே சொல்லாமல் விடுவது பெரிய அநீதி.

கடிதத்தில் இருப்பதை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று, திருப்பிக் கொடுக்க வேண்டாத பணம். கல்லூரியின் ஸ்காலர்ஷிப், கல்லூரியின் மானியம், மாநில மானியம், மத்திய அரசின் பெல் மானியம் ஆகியவை இதில் வரும். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான பெல் மானியம் 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர். இரண்டாவது, கடன். ‘சப்சிடைஸ்டு’ என்றால் படிக்கும் காலத்தில் வட்டியை அரசு ஏற்கும். ‘அன்சப்சிடைஸ்டு’ என்றால் பணம் வாங்கிய நாளிலிருந்து வட்டி ஏறும். ‘பேரன்ட் பிளஸ்’ என்பது பிள்ளை பெயரில் வரும் கடனே இல்லை, உங்கள் பெயரில் வருவது. மூன்றாவது, ‘வொர்க் ஸ்டடி’. இது கட்டணத்தில் கழியும் தொகை இல்லை. வளாகத்தில் வேலை தேடிக்கொண்டு, உழைத்து, கூலியாகப் பெற வேண்டியது.

இந்த மூன்றில் முதல் வகையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியின் ‘காஸ்ட் ஆஃப் அட்டெண்டன்ஸ்’, அதாவது கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், பயணம், கைச்செலவு எல்லாம் சேர்ந்த ஓர் ஆண்டு மதிப்பீட்டிலிருந்து, இந்த முதல் வகையைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் நிகரச் செலவு. அதை இன்று கட்டினாலும் நாளை வட்டியோடு கட்டினாலும் உங்கள் குடும்பப் பணம்தான். சில கல்லூரிகள் கல்விக் கட்டணத்தை மட்டும் போட்டு, தங்குமிடத்தையும் சாப்பாட்டையும் விட்டுவிடும். அந்தக் கல்லூரியின் இணையப் பக்கத்திலிருந்து முழு மதிப்பீட்டை எடுத்து நீங்களே எழுதிச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கல்லூரிக்கும் ஒரே அளவுகோல் வைத்தால்தான் ஒப்பீடு.

மூன்று கடிதங்கள், ஒரு தாள்

விளக்கத்துக்காக மூன்று கடிதங்களைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்.

‘அ’ ஒரு தனியார் கல்லூரி, ஐந்தாண்டு பி.ஆர்க். ஆண்டுச் செலவு 88,000 டாலர். ஸ்காலர்ஷிப் ஆண்டுக்கு 40,000. நிகரம் 48,000. கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி: எட்டுப் பருவங்களுக்கு மட்டும்.

‘ஆ’ சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம், இதுவும் ஐந்தாண்டு பி.ஆர்க். ஆண்டுச் செலவு 34,000. உதவி 4,000 மட்டும், பத்துப் பருவத்துக்கும் உண்டு. நிகரம் 30,000.

‘இ’ நாலு பிளஸ் ரெண்டு கல்லூரி. ஆண்டுச் செலவு 62,000. ஸ்காலர்ஷிப் 35,000. நிகரம் 27,000.

வீட்டில் பேச்சு எப்படிப் போகும்? தாத்தா பாட்டிக்குத் தொலைபேசியில் சொல்ல ‘அ’-வின் 40,000 ஸ்காலர்ஷிப் பெருமையாக இருக்கும். அப்பாவுக்கு ‘இ’-யின் 27,000 மலிவாகத் தெரியும். ‘ஆ’ தந்த 4,000-ஐ யாரும் பேச்சில்கூட எடுக்கமாட்டார்கள்.

இப்போது தாளில் மொத்தத்தை எழுதுவோம். ‘அ’-வில் நான்கு ஆண்டு 48,000 வீதம் 1,92,000. ஐந்தாம் ஆண்டு ஸ்காலர்ஷிப் இல்லை, முழு 88,000. மொத்தம் 2,80,000 டாலர். ‘ஆ’-வில் ஐந்து ஆண்டு 30,000 வீதம் 1,50,000. ‘இ’-யில் நான்கு ஆண்டு 27,000 வீதம் 1,08,000. அதோடு பட்டம் முடியவில்லை. எம்.ஆர்க் ஆண்டுக்கு 60,000 என்றும், அதில் உதவி 15,000 என்றும் வைத்தால், இரண்டாண்டுக்கு இன்னும் 90,000. மொத்தம் 1,98,000. ஆண்டுச் செலவு குறைவாக இருந்த ‘இ’, ‘ஆ’-வைவிட 48,000 டாலர் கூடுதல். மிகப் பெரிய ஸ்காலர்ஷிப் தந்த ‘அ’, எல்லாவற்றிலும் அதிகச் செலவு.

இதோடு நிறுத்தக்கூடாது. கல்லூரிச் செலவு ஆண்டுதோறும் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். ஆண்டுக்கு 4 விழுக்காடு ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போட்டால், ‘அ’ ஏறத்தாழ 3,16,600 ஆகிறது. ‘இ’ ஏறத்தாழ 2,36,500. ‘ஆ’ ஏறத்தாழ 1,64,200. செலவு அதிகமான கல்லூரியில் ஏற்றத்தின் சுமையும் அதிகம். ஸ்காலர்ஷிப் பணமாக அப்படியே நிற்கும்போது, ஒவ்வோர் ஆண்டும் ஏறும் தொகை முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

அரசுக் கல்லூரிதான் எப்போதும் மலிவு என்று இதற்குப் பொருள் இல்லை. வெளிமாநில அரசுக் கல்லூரியின் கட்டணம் தனியாருக்குப் பக்கத்தில் வந்துவிடுவது உண்டு. குடும்ப வருமானம் குறைவாக இருந்தால், தேவையை முழுவதும் நிறைவேற்றும் பணக்காரத் தனியார் கல்லூரி அரசுக் கல்லூரியைவிடக் குறைவாக முடியலாம். கார்னெல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளில் மதிப்பெண்ணுக்கான ஸ்காலர்ஷிப்பே கிடையாது, வருமானத்தையும் சொத்தையும் பார்த்துத் தரும் உதவி மட்டும்தான். அங்கே உதவி ஆண்டுதோறும் புதிதாகக் கணக்கிடப்படும், உங்கள் சம்பளம் கூடினால் அது குறையும். ஆகவே கல்லூரியின் பெயரையோ வகையையோ வைத்து ஊகிக்காமல், உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஐந்தாம் ஆண்டில் என்ன நடக்கிறது?

அமெரிக்க நிதியுதவி ஏற்பாடு பெரும்பாலும் நான்காண்டுப் படிப்பை மனதில் வைத்து உருவானது. ஐந்தாண்டு படிக்கும் கட்டடக்கலை மாணவர் அதன் விளிம்பில் வந்து முட்டுகிறார்.

மத்திய அரசின் மாணவர் கடனைப் பாருங்கள். பெற்றோரைச் சார்ந்த இளநிலை மாணவர் முதல் ஆண்டு 5,500 டாலர், இரண்டாம் ஆண்டு 6,500, அதற்குப் பிறகு ஆண்டுக்கு 7,500 வாங்கலாம். ஆனால் மொத்த வரம்பு 31,000. நான்கு ஆண்டும் முழுதாக வாங்கினால் 27,000 ஆகிவிடும். ஐந்தாம் ஆண்டுக்கு மிஞ்சுவது 4,000 மட்டும்.

பேரன்ட் பிளஸ் கடனில் முன்பு, செலவில் மற்ற உதவி போக மீதி முழுவதையும் வாங்கலாம் என்று இருந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதை மாற்றிவிட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிதாக வாங்குவோருக்கு, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 என்று வரம்பு. ஆண்டுக்கு 20,000 வீதம் வாங்கிய குடும்பத்துக்கு நான்காம் ஆண்டில் 5,000 மட்டுமே மிஞ்சும். ஐந்தாம் ஆண்டுக்கு ஒன்றுமில்லை. அப்போது கண்ணில் படுவது தனியார் வங்கிக் கடன்தான்.

நாலு பிளஸ் ரெண்டு பாதையிலும் இதே சட்டத்தின் பாதிப்பு உண்டு. புதிதாகக் கடன் வாங்கும் முதுநிலை மாணவர்களுக்கு ‘கிராட் பிளஸ்’ என்ற கடன் இனி இல்லை. முதுநிலை மாணவர் ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000 டாலர்வரைதான் மத்திய அரசிடம் வாங்கலாம். மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 வரை உண்டு. 2025 இறுதியில் கல்வித் துறை முன்வைத்த தொழிற்படிப்பு வரையறையில் கட்டடக்கலை இல்லை. கட்டடக்கலைஞர்களின் அமைப்பு அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாத ஒரு துறையைத் தொழிற்படிப்பு இல்லை என்பது சரியில்லை என்பதே என் கருத்தும். ஆனால் மே 1-க்குள் முடிவெடுக்கும் வீடு, குறைந்த வரம்பை வைத்துக் கணக்குப் போடுவதே பாதுகாப்பு.

நல்ல செய்தியும் உண்டு. பெல் மானியம் மொத்தம் பன்னிரண்டு பருவங்களுக்கு நீளும், ஐந்தாண்டுக்குப் போதும். நியூயார்க் மாநிலத்தின் ‘டாப்’ மானியம் வழக்கமாக நான்காண்டு என்றாலும், அங்கீகரிக்கப்பட்ட ஐந்தாண்டுப் படிப்புக்கு ஐந்தாம் ஆண்டும் கிடைக்கும். கல்லூரி ஸ்காலர்ஷிப்பும் சில இடங்களில் பி.ஆர்க் மாணவர்களுக்கு மட்டும் பத்துப் பருவம் நீட்டித்துத் தரப்படுகிறது. கடிதத்தில் ‘ரினியூவபிள்’ என்று மட்டும் இருந்தால் எத்தனை பருவத்துக்கு என்று எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். தொலைபேசியில் ‘பெரும்பாலும் கிடைக்கும்’ என்று சொன்னது ஐந்தாம் ஆண்டில் செல்லாது.

அதே கடிதத்தில் மதிப்பெண் நிபந்தனையையும் பாருங்கள். ஸ்டுடியோவில் முதல் ஆண்டு மதிப்பெண் பள்ளியில் வந்ததுபோல் வராது. விமரிசனத்துக்கு நின்று, மாதிரியைப் பிரித்து மறுபடி கட்டி, மெதுவாகத்தான் ஏறும். ஜிபிஏ 3.5 கேட்கும் 40,000-ஐவிட 2.75 கேட்கும் 30,000 உறுதியான பணம். ஒரு பருவம் தவறினால் மீட்டுக்கொள்ள அவகாசம் உண்டா என்பதையும் கேளுங்கள்.

கடிதத்துக்கு வெளியே நிற்கும் செலவுகள்

கல்லூரியின் செலவு மதிப்பீடு எல்லாத் துறை மாணவர்களுக்கும் சராசரியாகப் போட்டது. புத்தகத்துக்கு என்று அவர்கள் ஒதுக்கும் தொகையில் கட்டடக்கலை மாணவரின் பொருள்செலவு அடங்காது. முப்பரிமாணப் படம் வரையத் தாங்கும் நல்ல மடிக்கணினி, மென்பொருள்கள், மாதிரி செய்ய அட்டை, மரத்தகடு, பசை, கத்தி, லேசர் வெட்டு, முப்பரிமாண அச்சு, ஒவ்வொரு விமரிசனத்துக்கும் பெரிய தாளில் பிளாட் எடுப்பது. ரெவிட் போன்ற ஆட்டோடெஸ்க் மென்பொருள்கள் மாணவர்களுக்கு இலவசம். மற்றவற்றுக்குக் கல்லூரி உரிமம் வாங்கியிருக்கிறதா, பிளாட்டுக்கும் லேசருக்கும் தனிக் கட்டணமா, ஸ்டுடியோ கட்டணம் என்று தனியாக ஏதாவது உண்டா என்று மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் கேட்டால் அலுவலகத்தைவிடத் தெளிவாகச் சொல்வார்.

அடுத்தது வெளிநாட்டுப் பருவம். கார்னெலுக்கு ரோமிலும், சிராக்யூஸுக்கு ஃபிளாரன்ஸிலும் லண்டனிலும் மையங்கள் இருக்கின்றன. நோட்ர டேமில் மூன்றாம் ஆண்டு முழுவதும் ரோமில் படிப்பது பாடத்திட்டத்தின் பகுதி. கட்டடக்கலை படிப்பவருக்கு இது பெரும் பேறு, கிடைத்தால் விடக்கூடாது. அந்தப் பருவத்துக்கும் ஸ்காலர்ஷிப் செல்லுமா, விமானச் செலவு யாருடையது என்று மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரமும் செலவுதான். ஸ்டுடியோ மாணவர்கள் வகுப்புக்கு வெளியே உழைக்கும் நேரம் மற்ற துறையினரைவிட அதிகம். பகுதிநேர வேலை செய்து ஐயாயிரம் டாலர் சம்பாதிப்பான் என்று பிள்ளையின் பெயரில் வரவு எழுதாதீர்கள். அந்த வரவு தூக்கத்திலிருந்து வரும். வேலையும் படிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று இருப்பவர்களுக்கு, அதற்கென்றே அமைந்த படிப்புகள் உண்டு. பிலடெல்ஃபியாவின் டிரெக்சலில் இரண்டாண்டு முழுநேரம், அடுத்த நான்காண்டு பகலில் அலுவலக வேலை, மாலையில் வகுப்பு என்று ஒரு பி.ஆர்க் இருக்கிறது. பாஸ்டன் கட்டடக்கலைக் கல்லூரியும் தொழிலோடு சேர்ந்த படிப்புக்குப் பெயர் பெற்றது. சின்சினாட்டியில் ஊதியத்தோடு கூடிய கோ-ஆப் பருவங்கள் படிப்புக்குள்ளேயே இருக்கின்றன. நியூயார்க்கின் கூப்பர் யூனியன் 2014 வரை எல்லோருக்கும் முழுக் கட்டண ஸ்காலர்ஷிப் தந்தது, அதற்குப் பிறகு பாதி. மறுபடி முழுமைக்குத் திரும்பும் திட்டத்தில், இறுதியாண்டு மாணவர்களுக்குக் கட்டணம் வேண்டாம் என்று 2024-இல் அறிவித்தது.

நம் வீடுகளுக்கென்று சில

ஹெச்-1பி விசாவில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை இரண்டு வயதில் வந்து இங்கேயே வளர்ந்திருந்தாலும், ஹெச்-4 விசாவில் இருக்கும்வரை ‘ஃபாஃப்சா’ விண்ணப்பத்தின்வழி வரும் மத்திய அரசு உதவி எதுவும் கிடையாது. பெல் இல்லை, மத்தியக் கடன் இல்லை, வொர்க் ஸ்டடி இல்லை. கிரீன் கார்டு வந்துவிட்டால் கிடைக்கும். கல்லூரியின் சொந்த ஸ்காலர்ஷிப்புக்கு இந்தத் தடை பெரும்பாலும் இல்லை. சொந்த மாநிலக் கட்டணம் ஹெச்-4 மாணவர்களுக்குப் பல மாநிலங்களில் கிடைக்கிறது.

இங்கேயும் படிப்பின் நீளம் வந்து நிற்கிறது. 21 வயதானதும் பிள்ளை ஹெச்-4-இல் இருக்க முடியாது, பொதுவாக எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பதினெட்டில் சேரும் பி.ஆர்க் மாணவருக்கு அந்தப் பிறந்தநாள் படிப்பின் நடுவில் வரும். விசா மாறினால் சொந்த மாநிலக் கட்டணம் தொடருமா, வெளிமாநிலக் கட்டணம் ஆகுமா, ஸ்காலர்ஷிப் நீடிக்குமா என்பதைச் சேரும் முன்பே பல்கலைக்கழகத்தின் வசிப்பிடப் பிரிவில் எழுதிக் கேளுங்கள். மேலே சொன்ன ‘ஆ’ கல்லூரியின் கணக்கு முழுவதும் இந்த ஒரு பதிலில் தலைகீழாகலாம்.

குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வீடுகளுக்கு வேறு இரண்டு. ஃபாஃப்சா நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பைக் கேட்பதில்லை. பல தனியார் கல்லூரிகள் கூடுதலாகக் கேட்கும் ‘சிஎஸ்எஸ் புரொஃபைல்’ கேட்கும். ஊரில் உங்கள் பெயரில் இருக்கும் மனையும் வாடகைக்கு விட்ட வீடும் இரண்டிலுமே சொத்துதான். மறைக்காமல் எழுதுங்கள். 2024-25 முதல் ஃபாஃப்சாவின் புதிய கணக்கில், ஒரே நேரத்தில் இரண்டு பிள்ளைகள் கல்லூரியில் இருந்தால் முன்பு கிடைத்த சலுகையும் இல்லை. சொந்த நிதியிலிருந்து தரும் உதவிக்கு அதைக் கணக்கில் எடுக்கும் கல்லூரிகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

கடிதம் வந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வேலை போயிருந்தால், பெரிய மருத்துவச் செலவு வந்திருந்தால், ஊரில் இருக்கும் பெற்றோரைத் தாங்கிக்கொண்டிருந்தால், ஆதாரத்தோடு நிதியுதவி அலுவலகத்துக்கு எழுதலாம். குடும்பச் சூழலைப் பார்த்துக் கணக்கை மாற்றும் அதிகாரத்தைச் சட்டமே அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மற்றொரு கல்லூரி கூடுதலாகத் தந்திருந்தால் அந்தக் கடிதத்தை இணைத்துப் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. பணம் கேட்பதா என்று நம்மில் பலருக்குக் கூச்சம். கேட்பதால் சேர்க்கை பறிபோகாது.

எவ்வளவு கடன் தாங்கும்?

கட்டடக்கலைஞர்களின் இடைநிலை ஆண்டு ஊதியம், அரசின் தொழிலாளர் புள்ளிவிவரத் துறைக் கணக்கில், 2024 மே நிலவரப்படி 96,690 டாலர். இது அனுபவமுள்ளவர்களையும் சேர்த்து. உரிமம் வாங்கும் முன் முதல் சில ஆண்டுகள் சம்பளம் இதைவிடக் குறைவுதான். மாணவரின் மத்தியக் கடன் 31,000 டாலரை 2025-26-க்கான 6.39 விழுக்காடு வட்டியில் பத்தாண்டில் அடைத்தால், மாதம் ஏறத்தாழ 350 டாலர். புதிய வேலையில் சேர்ந்தவர் இதைச் சமாளிக்கலாம். 65,000 டாலர் பேரன்ட் பிளஸை 8.94 விழுக்காட்டில் பத்தாண்டில் அடைத்தால், மாதம் ஏறத்தாழ 820 டாலர். அதைக் கட்டப்போவது ஓய்வுக்காலத்தை நெருங்கும் நீங்கள்.

கடன் அதிகமானால் பிள்ளையின் தொழிலும் சுருங்கும். பள்ளிக்கூடமும் எளியவர்களுக்கான வீடும் கட்டும் சிறிய அலுவலகத்தில் சேர ஆசைப்பட்டவர், மாதத் தவணைக்காக விருப்பமில்லாத வேலையில் நிற்க வேண்டிவரும். நல்ல கட்டடங்கள் வேண்டும் என்று விரும்பும் எவருக்கும் இது கவலை தர வேண்டிய விஷயம்.

ஆகவே என் தீர்ப்பு இது. நாப் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளில், பட்டம்வரையான மொத்த நிகரச் செலவு குறைந்ததைத் தொடக்கப் புள்ளியாக வையுங்கள். அதைவிடச் செலவான கல்லூரி ஒவ்வொன்றும், அந்தக் கூடுதல் தொகைக்கு என்ன தருகிறது என்று காட்டட்டும். ஆசிரியர்களா, பட்டறையா, கோ-ஆப் வேலையா, ரோமில் ஓர் ஆண்டா? இருபதாயிரம் டாலர் வித்தியாசத்துக்கு இவற்றில் ஒன்று தகும். ஒன்றரை லட்சம் டாலர் வித்தியாசத்துக்கு, என் கணிப்பில், எதுவும் தகாது. உரிமத் தேர்வு எந்தக் கல்லூரிக்கும் தனிச் சலுகை தருவதில்லை.

இந்தக் கணக்கைப் பிள்ளையை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மட்டும் போடாதீர்கள். பத்துக் கோடி டாலர் கட்டடத்தின் செலவு மதிப்பீட்டை நாளை படிக்கப்போகிறவர் அவர். தன் படிப்பின் மதிப்பீட்டை இன்றே உங்களோடு உட்கார்ந்து போடட்டும். மே 1-க்கு முன், ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்த மூன்று கேள்விகளை அவரே மின்னஞ்சலில் கேட்கட்டும்: இந்த உதவி எத்தனை பருவம் வரும்? என்ன நிபந்தனையில் நிற்கும்? நாப் பட்டம் கைக்கு வர மொத்தம் எத்தனை ஆண்டு ஆகும்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் தராத கல்லூரிக்கு முன்பணம் கட்டாதீர்கள்.